சேற்றின் மேல்பக்கம்

சேற்றுக்கு மேல்பக்கம், கீழ்ப்பக்கம் உண்டு. சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், என் பிழைப்பே அதுதான். நகரத்துச் சாக்கடையெல்லாம் வந்து விழுகிற காயலின் அடியிலிருந்து சேற்றைக் குழாயில் எடுத்து, துண்டு துண்டாக வெட்டி, எந்தத் துண்டில் என்ன விஷம் இருக்கிறது என்று பார்க்கிற ஆய்வகத்தில் எனக்கு வேலை. கழுத்தில் தொங்குகிற அட்டையில் முதுநிலை ஆய்வாளர் என்று போட்டிருக்கிறது. வெளியில் என் பெயர் சேத்து மேடம். மகளுடைய வகுப்பு ஆசிரியைகூட ஒருநாள் அப்படியே கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து புருஷனிடம் ஒரு மணி நேரம் கத்தினேன்.

விஷயம் எளிது. தண்ணீரில் வருகிற அழுக்கு மெல்ல மெல்லக் கீழே படிகிறது. இந்த வருஷத்து அழுக்கு மேலே, போன வருஷத்தது அதற்குக் கீழே, நான் பள்ளிக்கூடம் போன காலத்து அழுக்கு இன்னும் கீழே. ஒரு முழ நீளமுள்ள கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் குழாயைச் சேற்றுக்குள் செருகி, அப்படியே உருவி எடுத்தால் அத்தனை வருஷமும் அடுக்கு குலையாமல் வந்துவிடும். இரண்டு முனையையும் மூடி, ஒரு முனையில் ‘மேல்’ என்று எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் குழாய்க்குள் இருப்பது வெறும் சேறு.

எங்கள் காயலில் பெரிய பயம் ஈயம். கரையில் ஒரு காலத்தில் பேட்டரி கம்பெனி இருந்தது. அது மூடி எவ்வளவோ காலமாகிவிட்டது. அப்போது கொட்டியது இன்னும் அடியில் புதைந்து கிடக்கலாம். ஆனால் இப்போதும் சந்துக்குச் சந்து பழைய பேட்டரியை உடைத்துச் சாக்கடையில் ஊற்றுகிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள். ஆகவே ஈயம் மேலேயும் இருக்கலாம். எங்கே இருக்கிறது என்று தெரியாமல் யாரும் கை வைக்கக் கூடாது.

கை வைக்கத்தான் நகராட்சி துடித்துக்கொண்டிருந்தது. காயல் தூர்ந்து முழங்கால் தண்ணீருக்கு வந்துவிட்டது, நாற்றம் தாங்கவில்லை, தோண்டி ஆழப்படுத்திப் படகு விடப் போகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள். தூர்வாரும் எந்திரம்கூடக் கரைக்கு வந்து நின்றுவிட்டது. ஈயம் மேலே இருந்தால் அதை மட்டும் வழித்து எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் கொட்டலாம், காயலுக்கு நல்லது. கீழே இருந்தால் தோண்டுவது பைத்தியக்காரத்தனம். இத்தனை வருஷம் அடியில் அடங்கிக் கிடந்த சனியனைக் கிளறி, தண்ணீரில் கலந்து, மீன், நண்டு, புழு, கொக்கு எல்லாவற்றுக்கும் ஊட்டிவிட்டதாக ஆகும்.

நகராட்சி இன்ஜினியரிடம் ஆறு இடத்தில் குழாய் போட வேண்டும் என்றோம்.

“காயல் ஒண்ணுதானே மேடம்? அப்புறம் குழாய் மட்டும் எதுக்கு ஆறு?” என்றார்.

தோண்ட ஆரம்பிக்கப்போகிற நடுக்காயலில் ஒரே ஒரு குழாய் போட அனுமதி கொடுத்தார். போட்டோம்.

இதில் எனக்கு இன்னொரு தலைவலி. என் தம்பி அந்தக் காயலில்தான் நண்டு வளர்க்கிறான். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்து ஒழுங்காகப் பிழைத்துக்கொண்டிருந்தவன், ஒருநாள் திடீரென்று கடையை மூடிவிட்டுத் தண்ணீரில் இறங்கினான். அடிச்சேற்றில் உட்காரும் கம்பிக் கூண்டுகள், அதற்குள் குட்டி நண்டுகள். முதலில் ஓடிப்போயின, பிறகு செத்துப்போயின, பிறகு ஒன்றையொன்று தின்றன. இப்போதுதான் தலையெடுத்திருக்கிறான். அவன் பெண்டாட்டி அவனோடு மறுபடி முகம் கொடுத்துப் பேச ஆரம்பித்ததே இந்த வருஷம்தான். “நண்டை ஒரு தடவை சோதிச்சுப் பாக்கலாம்டா” என்று நான் சொன்னபோதெல்லாம், “ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்ட்டியே, அதைவிட என்னக்கா சோதனை?” என்பான்.

ஈயம் மேலே இருந்தால் அவன் நண்டு விஷத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது, தொழிலை மூட வேண்டியதுதான். கீழே இருந்தால் யாரும் தோண்டாதவரை அவனுக்கு ஒன்றுமில்லை. என் தம்பியின் முழு வாழ்க்கையும் ஒரு குழாயின் எந்த முனை மேல் என்பதில் நின்றது.

அந்தக் குழாயைத்தான் என் மாமியார் கழுவிவிட்டார்.

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆய்வகத்துக் குளிர்பெட்டி உயிரை விட்டது. சேற்றைக் குளிரில் வைக்காவிட்டால் கெட்டுவிடும். சேறு எப்படி இன்னும் கெடும் என்று கேட்காதீர்கள், கெடும். டாக்டர் கையைப் பிசைந்தார். டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, எங்கள் ஆய்வகத் தலைவர். ஊசியைப் பார்த்தால் அவரே மயங்கிவிடுவார். திங்கட்கிழமை வரைக்கும்தானே என்று நான்தான் குழாயைப் பழைய போர்வையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஃபிரிட்ஜில் ஒரு தட்டைக் கழற்றிவிட்டு, நெட்டுக்குத்தாக நிறுத்தினேன்.

“அத்தை, இதை மட்டும் தொட்டுடாதீங்க” என்றேன்.

எங்கள் அத்தையிடம் சொல்லக்கூடாத வாக்கியம் அது. அத்தைக்குச் சுத்தம் என்பது பழக்கம் இல்லை, வெறி. கடையில் வாங்கிய சோப்பைக்கூட ஒருமுறை கழுவிவிட்டுத்தான் உபயோகிப்பார். வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பை வெளியே விட்டால் போதாது, போகும்போது செருப்பு ஈரமாக இருக்கும். அப்படிப்பட்டவரின் ஃபிரிட்ஜில், பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில், கறுப்பாக ஒரு முழச் சாக்கடை.

திங்கட்கிழமை காலை ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தேன். கீழே காய்கறி வைக்கிற தட்டில் குழாய் பளபளவென்று படுத்திருந்தது. மூடியைச் சுற்றி ஒட்டியிருந்த டேப் இல்லை. ‘மேல்’ இல்லை. அது இருந்த சுவடே இல்லை.



“அத்தை! இதை என்ன பண்ணீங்க?”

“என்ன பண்ணேன்? வெளிப்பக்கம்தான் கழுவினேன். உள்ள நான் கையே வைக்கல. அந்த டேப்பு பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, எண்ணெய் போட்டுத் தேய்ச்சு எடுத்தேன். பேனாவுல ஏதோ கிறுக்கி வேற வச்சிருந்தே. ஸ்பிரிட்டு போட்டுத்தான் போச்சு.”

“கிறுக்கல் இல்ல அத்தை! மேல்னு எழுதியிருந்தேன்!”

“மேல எது கீழ எதுன்னு பாத்தா தெரியாதா? எழுதி வேற வைக்கணுமா?”

என் புருஷன் குழாயைக் கையில் வாங்கி, இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, “ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே இருக்கு?” என்றார். அந்த மனுஷனைக் கட்டிக்கொண்டதற்கு நான் வருத்தப்பட்ட நாட்கள் சில உண்டு. அதில் அதுவும் ஒன்று.

வழக்கமாக மேல்முனை தளதளவென்றும் கீழ்முனை இறுகியும் இருக்கும், பார்த்தே சொல்லிவிடலாம். ஆனால் அத்தை சிங்க்கில் போட்டுப் புரட்டிப் புரட்டித் தேய்த்ததில் இரண்டு முனையும் தளதளவென்று ஆகிவிட்டிருந்தன. நடுவில் மட்டும் அடுக்குகள் ஒழுங்காக நின்றன. சரித்திரம் அப்படியே இருந்தது. எங்கே தொடங்குகிறது என்றுதான் தெரியவில்லை.

ஆய்வகத்துக்குப் போய் டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“யார்கிட்டயும் சொல்லிடலியே?”

“என் மாமியாருக்குத் தெரியும் சார்.”

“அவங்க யார்கிட்டயும் சொல்வாங்களா?”

“இந்நேரம் தெருவுக்கே சொல்லியிருப்பாங்க. மருமக சாக்கடையை ஃபிரிட்ஜுல வச்சா, நான்தான் சுத்தம் பண்ணேன்னு.”

அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். நான் சேற்றை வெட்டினேன். எங்களிடம் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி இருக்கிறது, சேற்றின் மேல் பிடித்தால் எவ்வளவு ஈயம் என்று திரையில் காட்டும், அதிகமானால் கத்தும். ஒரு முனையில் பிடித்தேன். ஏறக்குறைய சுத்தம். மறுமுனையில் பிடித்தேன். கருவி கத்தியது. அப்படி ஓர் எண்ணை இந்தக் காயலில் நான் பார்த்ததே இல்லை.

“நீ என்னம்மா நினைக்கிறே? ஈயம் இருக்கற முனை மேலயா, கீழயா?”

“கீழதான் சார். சந்தேகமே இல்ல.”

“எதை வச்சு சொல்றே?”

“என் தம்பி நண்டு வளக்குறான் சார்.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு, “அப்ப உன்னைக் கேட்டுப் பிரயோசனம் இல்ல” என்றார். நியாயம்தான்.

சாயங்காலம் தம்பி வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே, “அக்கா, எந்தப் பக்கம் மேல?” என்றான். விஷயம் காயல்வரை போயிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே அத்தை முன்னால் போய் உட்கார்ந்தான். அத்தை அவன் செருப்பைப் பார்த்தார். அவன் கவனிக்கவில்லை.

“அத்தை, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஃபிரிட்ஜுல இருந்து எடுக்கும்போது குழாயை எப்படிப் பிடிச்சீங்க?”

“கையாலதான் பிடிச்சேன்.”

“எந்தக் கை மேல இருந்துச்சு?”

மூலையிலிருந்த குடையை எடுத்து அவர் கையில் கொடுத்தான். கைப்பிடி இருக்கிற பக்கம்தான் ‘மேல்’ என்று வைத்துக்கொள்ளச் சொன்னான். பிறகு அத்தையைச் சமையலறைக்கு அழைத்துப் போய், ஃபிரிட்ஜைத் திறந்து, குடையை உள்ளே நிறுத்தி, “இப்ப எடுங்க” என்றான். குற்றம் நடந்த இடத்தில் போலீஸ்காரர்கள் நடித்துக் காட்டச் சொல்வார்களே, அப்படி. என் புருஷன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பார்க்க உட்கார்ந்தார். மகள் வீட்டுப்பாடத்தை மூடிவிட்டாள்.

அத்தை குடையை எடுத்தார். சிங்க்குக்குக் கொண்டுபோனார். இடது பக்கம் சாய்த்தார். “இப்படித் தேய்ச்சேன். அப்புறம் இந்தப் பக்கம் திருப்பினேன். இல்ல, இரு. அதுக்குள்ள போன் வந்துச்சு. குழாயைத் துணி காயப்போடற இடத்துல வச்சுட்டுப் போனேன்.”

“எப்படி வச்சீங்க?”

“சாய்ச்சு வச்சேன்.”

“எந்தப் பக்கம் சாய்ச்சு?”

“சுவத்துப் பக்கம்.”

தம்பி கண்ணை மூடிக்கொண்டான். முதல் தடவை நடித்தபோது கைப்பிடி கதவுப் பக்கம் வந்தது. இரண்டாவது தடவை சுவர்ப் பக்கம் வந்தது. மூன்றாவது தடவை அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. “நான் என்ன கொலையா பண்ணேன்? வீட்டைச் சுத்தமா வச்சது ஒரு குத்தமா?” என்று குடையைச் சிங்க்கிலேயே போட்டார். போட்டவர் ஒரு நிமிஷம் நின்று, குடை அழுக்காக இருப்பதைப் பார்த்து, சோப்பைப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். என் மகள் சிரித்துச் சிரித்துத் தரையில் விழுந்தாள். தம்பி மட்டும் சிரிக்கவில்லை. கூடத்துக்கு வந்து, தாழ்ந்த குரலில், “மறுபடி கடை வைக்க என்னால முடியாதுக்கா” என்றான். 

மறுநாள் காலையில் நகராட்சியில் கூட்டம். நகராட்சித் தலைவர் நடுவில் உட்கார்ந்திருந்தார், இன்ஜினியர் ஓரத்தில் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார்.

“மேல விஷம், கீழ சுத்தம். அப்படித்தானே? சொல்லிட்டா நாளைக்கே வேலையை ஆரம்பிச்சுடுவோம்” என்றார் இன்ஜினியர், பதிலையும் தானே சொல்லிக்கொண்டு.

டாக்டர் தொண்டையைச் செருமினார். “அதாவது, ஒரு முனையில ஈயம் கணிசமா இருக்கு. அந்த முனை, அறிவியல் பூர்வமா பாத்தா...”

நல்ல மனுஷன், பொய் சொல்ல மாட்டார். ஆனால் உண்மையைச் சொல்வதற்குள் கூட்டமே முடிந்துவிடும். நான் எழுந்துவிட்டேன்.

“எந்த முனை மேல்னு எங்களுக்குத் தெரியாதுங்க. குழாயில எழுதியிருந்தது அழிஞ்சுபோச்சு. மறுபடி எடுக்கணும்.”

 இன்ஜினியர் சிரித்தார். சின்னச் சிரிப்பு இல்லை, நாற்காலி ஆடுகிற சிரிப்பு.

“மேல் எது கீழ் எதுன்னு தெரியலையா? இதுக்கா ஒரு ஆபீஸ், ஒரு டாக்டர்?”

எனக்கு மூக்கு மேல் கோபம் வந்தது. “ஆறு குழாய் கேட்டோம், ஒண்ணு குடுத்தீங்க. அஞ்சு கைவசம் இருந்திருந்தா இப்ப இந்தச் சிரிப்பு சிரிச்சிருப்பீங்களா?” என்றேன். தலைவர், “இன்னைக்கு ஒருநாள் தர்றேன். நாளைக்குக் காலையில கரைக்கு வந்து சொல்லுங்க. இல்லன்னா எந்திரம் இறங்கிடும்” என்று முடித்துவிட்டார்.

வேறு படகு தேட நேரமில்லை. தம்பியின் படகில்தான் போனோம். டாக்டருக்குத் தண்ணீர் என்றால் நடுக்கம், இரண்டு மிதவைச் சட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு பொம்மை மாதிரி அசையாமல் உட்கார்ந்தார். முழங்கால் ஆழம்தான் சார், விழுந்தாலும் நிற்கலாம் என்றேன். “விழணும்ல முதல்ல?” என்றார். கிளம்புகிற நேரத்தில் கரையில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அத்தை.

“நானும் வருவேன். என்னாலதானே இத்தனையும்? நான் வந்து பிடிச்சுக்கறேன்” என்றார். அந்த நாற்றக் காயலில், அந்தச் சேற்றுப் படகில், எங்கள் அத்தை! மூக்கில் முந்தானையைப் பொத்திக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். எனக்குக் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

நடுக்காயலில் பழைய இடத்திலேயே குழாயைச் செருகினோம். தம்பி இடுப்பளவு சேற்றில் இறங்கி நின்று உருவிக் கொடுத்தான். மேல்முனை தண்ணீரைவிட்டு வெளியே வந்ததுமே அத்தை அதை இறுகப் பிடித்துக்கொண்டார். நான் எழுதினேன், டேப் ஒட்டினேன், டாக்டர் படம் எடுத்தார். அத்தை விடவே இல்லை. “என் கை இருக்கற பக்கம் மேல. எல்லாரும் பாத்துக்குங்க” என்றார்.

“இவ்வளவு தூரம் வந்தாச்சு. உன் தம்பி கூண்டுக்குக் கீழயும் ஒண்ணு எடுத்துடலாம்” என்றார் டாக்டர்.

“அங்க எதுக்கு சார்? பக்கத்துலதானே? இதே சேறுதான்” என்றான் தம்பி.

“பக்கத்துலன்னாலும் வேற இடம் வேற இடம்தான்ப்பா.”

எடுத்தோம். அத்தைக்கு இன்னொரு கை இருந்தது. ஆய்வகம்வரை இரண்டு கையிலும் இரண்டு குழாயைச் செங்கோல் மாதிரி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் வந்தார். போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முந்தானை மூக்கிலிருந்து நழுவி விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

முதல் குழாயை வெட்டிக் கருவியைப் பிடித்தேன். மேலே சுத்தம். நடுவில் சுத்தம். அடியில் கருவி கத்தியது. பேட்டரி கம்பெனிக் காலத்து ஈயம், புதிய சேறு மேலே போர்த்திக்கொண்டதால் அடங்கிக் கிடக்கிறது. தோண்டக் கூடாது. தம்பி ஒரு கூச்சல் போட்டு அத்தையைத் தூக்கிச் சுற்றினான். அவர் புடவையெல்லாம் சேறு. “விடுடா, விடுடா கழுதை” என்று சொல்லிக்கொண்டே அத்தையும் சிரித்தார். டாக்டர் எல்லோருக்கும் டீ வாங்கிவரச் சொன்னார், அது எங்கள் ஆய்வகத்தில் நடக்கிற காரியமே இல்லை.

டீ வருவதற்குள் இரண்டாவது குழாயையும் பார்த்துவிடலாம் என்று வெட்டினேன். மேல்முனையில் கருவியைப் பிடித்ததும் கத்தியது.

முனையை மாற்றிவிட்டேனோ என்று பார்த்தேன். ‘மேல்’ என்று என் கையெழுத்தே இருந்தது. “நான் விடவே இல்லம்மா” என்றார் அத்தை, பயந்துபோய். மறுபடி பிடித்தேன். மறுபடி கத்தியது. கூண்டுக்குக் கீழே சேற்றின் மேல்பரப்பு முழுக்க ஈயம்.

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

“அங்க தோண்டினியா?”

“கொஞ்சம்தான்க்கா.”

“எப்ப?”

“போன கோடையில. தண்ணி வத்தி கூண்டு வெளிய தெரிஞ்சுது. நண்டு வெயில்ல வெந்து செத்துது. பம்பு வச்சு சேத்தை உறிஞ்சிப் பள்ளம் பண்ணேன். உங்கிட்ட சொன்னா திட்டுவேன்னு...”

திட்டவில்லை.  நகராட்சி முழுக் காயலுக்கும் செய்யப்போவதை என் தம்பி தன் கூண்டுக்குக் கீழே மட்டும் செய்து பார்த்துவிட்டான். அவன் போய் ஒரு நண்டைக் கொண்டுவந்தான். அதை அமிலத்தில் கரைத்து வைத்துவிட்டுப் போனோம். காலையில் பார்த்தபோது முடிவு தெளிவாக இருந்தது. அந்த நண்டை யாரும் சாப்பிடக் கூடாது.

“நாம எல்லாரும் சாப்ட்டோமேக்கா” என்றான். “குழந்தைங்க கூட.”

“ரத்தம் எடுத்துப் பாத்துடலாம். பிள்ளைங்களுக்கு முதல்ல” என்றேன். 

கரைக்குப் போனபோது எந்திரத்தை உறும விட்டுத் தயாராக நிறுத்தியிருந்தார்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியிருந்தது. மீன்பிடிக்கிறவர்கள், கடைக்காரர்கள், நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள். தலைவர் கறுப்புக் கண்ணாடியோடு நின்றார். டாக்டர் முடிவைச் சொன்னார். நல்ல வேளை, இந்தமுறை சுருக்கமாகச் சொன்னார். விஷம் கீழே, தோண்டாதீர்கள்.

இன்ஜினியர் கையைக் கட்டிக்கொண்டார். “நேத்து மேல் கீழ் தெரியலைன்னீங்க. இன்னைக்குத் தெரிஞ்சுபோச்சா? நாளைக்கு மறுபடி மறந்துபோச்சுன்னு சொல்வீங்களா?”

கூட்டம் சிரித்தது. அத்தை, “நான் கையில பிடிச்சிருந்தேன் சார்” என்றார். இன்னும் பெரிதாகச் சிரித்தது. படம் காட்டினோம், எழுத்தைக் காட்டினோம். யார் பார்த்தார்கள்? ஒருமுறை தலைகீழாகப் போன குழாயை அப்புறம் யார் நம்புவார்கள்? தலைவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எந்திரத்துக்காரரை நோக்கிக் கையைத் தூக்கினார்.

“ஒரு நிமிஷம்” என்று தம்பி முன்னால் போனான். கையில் ஒரு கூண்டு இருந்தது. எப்போது போய் எடுத்து வந்தான் என்று நான் பார்க்கவில்லை.

“நான் ஏற்கனவே தோண்டிட்டேன் சார். என் கூண்டுக்குக் கீழ மட்டும். இடுப்பளவுக்குத் தோண்டினேன். அடியில இருந்தது மேல வந்துடுச்சு. இது என் நண்டு. இதுல ஈயம் இருக்கு.” பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினான். “யாரும் என் நண்டை வாங்காதீங்க. ஏற்கனவே வாங்கினவங்க இருந்தா, பிள்ளைங்களுக்கு ரத்தம் சோதிச்சுப் பாருங்க. மன்னிச்சுடுங்க.”

 தன் சரக்கைத் தானே விஷம் என்று சொல்கிற வியாபாரியை அந்தக் கரை அதுவரை பார்த்ததில்லை. பொய் சொல்கிறான் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. பொய் சொல்லி அவனுக்கு என்ன கிடைக்கப் போகிறது? என் தம்பி, எனக்குப் பயந்து பம்பு வைத்ததை மறைத்தவன், ஊருக்கு முன்னால் நின்று சொன்னான். எனக்குப் பெருமையில் அழுகை வந்தது, கோபத்திலும் வந்தது. இரண்டையும் பிரிக்கத் தெரியாமல் நன்றாகவே அழுதேன்.

இன்ஜினியர் அவன் பக்கத்தில் வந்து, “போன மாசம் எங்க வீட்டு விசேஷத்துக்கு ஒரு கூடை குடுத்தியே, அது?” என்றார் மெதுவாக.

“அதுவும்தான் சார்.”

இன்ஜினியர் வரைபடத்தைச் சுருட்டினார். பிறகு அந்தச் சுருளையே விசிறியாக வைத்து விசிறிக்கொண்டு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். தலைவர் தூக்கிய கையை இறக்கினார். எந்திரத்தின் உறுமல் நின்றது. இன்ஜினியர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, “மீதி அஞ்சு குழாயையும் போட்டுடுங்க மேடம்” என்றார்.

மத்தியானம் நானும் தம்பியும் கூண்டுகளைக் கரையேற்றிக்கொண்டிருந்தோம். கனமான கூண்டுகள். நண்டுகள் நன்றாகக் கொழுத்திருந்தன. பார்க்க அத்தனை அழகு. அவன் பெண்டாட்டி கரையில் நின்று பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தானும் இறங்கி ஒரு கூண்டின் மறுபக்கத்தைப் பிடித்தாள். அப்போது அவன் போன் அடித்தது. கை சேறாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான். வாரா வாரம் அவனிடம் நண்டு வாங்குகிற ஹோட்டல்காரர்.

“என்னப்பா, இந்த வாரம் சரக்கு வரலியே?”

“இனிமே இல்லீங்க. நிறுத்திட்டேன்.”

“ஏன், விலை கட்டலையா? சரி, ஏத்தித் தர்றேன். அதுக்காகவா இப்படி முறுக்கிக்கறே?”

“அது இல்லீங்க. நண்டுல ஈயம் இருக்கு.”

 “ஈயமா? அப்ப எடை நல்லா நிக்குமே. அனுப்பு, பாத்துக்கலாம்.”

தம்பி சிரிக்க ஆரம்பித்தான். தோள் குலுங்கச் சிரித்தான். அவன் பெண்டாட்டி அவன் முதுகில் கை வைத்த பிறகுதான், அவன் சிரிப்பு எப்போதோ அழுகையாகிவிட்டது என்று எனக்கு உறைத்தது. முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இல்லீங்க, அனுப்ப மாட்டேன் என்று இன்னொரு தடவை சொன்னான். போனை வைத்துவிட்டு அடுத்த கூண்டை எடுக்கத் தண்ணீரில் இறங்கினான்.